ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லி, காலையில் 180

எங்கள் பக்கத்தில் சுகர் உள்ளவர்களின் வீடுகளில் விடிந்ததும் ஒரு விசாரணை நடக்கும். மிஷினில் 180, 190 என்று வந்துவிட்டால் போதும். "ராத்திரி எங்களுக்குத் தெரியாம என்னத்தம்மா தின்ன?" என்று மகன் கேட்பான். "ரெண்டே ரெண்டு இட்லிப்பா, சத்தியமா" என்பார் அந்த அம்மா. யாரும் நம்ப மாட்டார்கள். கொஞ்ச நாளில் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும். இரண்டு இட்லி ஒன்றாகும். பிறகு வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுப்பார். அப்போதும் காலையில் மிஷின் அதே எண்ணைத்தான் காட்டும்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். படுக்கும்போது 130 இருந்த சர்க்கரை, ஒரு பருக்கைகூட உள்ளே போகாமல், விடியும்போது 180க்கு ஏற முடியும். ஏற்றுவது உடம்பேதான். அப்படி ஏற்றுவதில் வளர்ச்சி ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு.

என் மதினிக்குச் சுகர் வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மதினி சாத்தூர் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை பயர் ஆபீஸ். "ஐம்பது வயசுல எனக்கு என்ன வளர்ச்சி ஹார்மோன் தம்பி, நான் என்ன இனிமே வளரவா போறேன்?" என்று மதினி கேட்டார். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் இன்சுலின். வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை 100 என்றால் நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் மொத்த ரத்தத்திலும் இருப்பது 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் சீனி அளவு. ஒரு தட்டுச் சோற்றில் இருக்கிற மாவுச்சத்து அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அத்தனையும் ரத்தத்திலேயே தங்கக் கூடாது என்பதற்காகக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வந்ததும் தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இது எல்லாருக்கும் தெரிந்த வேலை. இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடாமல் அடக்கி வைப்பது. காலைச் சர்க்கரையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கல்லீரல் நம்மூர் குடோன் மாதிரி. சாப்பிட்ட நேரத்தில் ஏறக்குறைய 100 கிராம் சரக்கை உள்ளே அடுக்கிக்கொள்ளும். நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும் என்பதால் விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பும். சரக்கு தீர்ந்துவந்தால் புரதத்திலிருந்தும் மற்றதிலிருந்தும் புதிதாகச் செய்து அனுப்பும். எவ்வளவு போகிறது என்று வாசலில் நின்று பார்ப்பது இன்சுலின். அது குறைந்தாலோ, அதன் பேச்சு எடுபடாமல் போனாலோ, சரக்கு கேள்வி கணக்கில்லாமல் வெளியேறும். அந்த அம்மா இரவு சாப்பிட்டது இரண்டு இட்லியா நான்கா என்பதைக் கல்லீரல் பார்ப்பதில்லை. வெறும் மோரோடு படுத்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இனி வளர்ச்சி ஹார்மோன். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. பிள்ளைகளை உயரமாக்குவது இதன் வேலைகளில் ஒன்று. உயரம் நின்ற பிறகும், அளவு குறைந்தாலும், கடைசிவரை சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க ஒரே சீராக வராது, அலை அலையாக வரும். பெரிய அலை வருவது தூங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஆழ்ந்த உறக்கத்தில். வந்ததும் சேமித்து வைத்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. தசைகள் அந்தக் கொழுப்பை எரிக்க ஆரம்பித்துவிட்டால் சர்க்கரையை அவ்வளவாகச் சீந்துவதில்லை. கல்லீரலும் இன்சுலின் சொல்வதைக் குறைவாகவே கேட்கிறது. இந்த மாற்றம் வெளியே தெரியச் சில மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குத் தூங்கினவருக்கு அதிகாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் அதன் பலன் சர்க்கரையில் தெரியும். போதாததற்கு, எழுந்து நடமாட உடம்பைத் தயார்ப்படுத்துகிற கார்டிசோலும் அதே நேரத்தில் ஏறுகிறது.

சுகர் இல்லாத ஆளுக்கும் இதெல்லாம் தினமும் நடக்கிறது. ஆனால் அவருடைய கணையம் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக இன்சுலினை விட்டுச் சமாளித்துவிடுகிறது, மிஷினில் 90தான் காட்டும். சுகர் உள்ளவரின் கணையத்துக்கு அந்தச் சக்தி இல்லை, அதனால் 180. 1980களின் தொடக்கத்தில் டாக்டர்கள் இதற்கு டான் பினாமினன் என்று பெயர் வைத்தார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இரவில் வளர்ச்சி ஹார்மோன் அலை எழாமல் தடுத்துப் பார்த்தபோது காலை ஏற்றம் அடங்கியதை 1985இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. மாத்திரை மட்டும் சாப்பிடுகிற டைப் 2 காரர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்த ஏற்றம் தென்படுவதாகப் பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இன்சுலினும் பிட்யூட்டரியும் எதிரெதிரே நிற்கின்றன என்று முதலில் கண்டவரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. சுத்தப்படுத்திய மருந்தைச் சில நாள் கழித்து மறுபடி போட்டபோது பிழைத்துக்கொண்டான். இன்சுலின் இல்லாததுதான் சுகர், வேறொன்றுமில்லை என்று உலகம் நினைத்த காலம் அது. அர்ஜென்டினாவில் பெர்னார்டோ உஸ்ஸாய் என்பவர் பிட்யூட்டரியை அகற்றிய நாய்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். சாதாரண நாய் தாங்குகிற இன்சுலின் அளவை அந்த நாய்களால் தாங்க முடியவில்லை, சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியது. அப்படியானால் பிட்யூட்டரியிலிருந்து வருகிற ஏதோ ஒன்று இன்சுலினை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து, கணையம், பிட்யூட்டரி இரண்டையும் எடுத்துப் பார்த்தார். கணையம் இல்லாத நாய்க்குக் கடுமையான சுகர் வர வேண்டும். பிட்யூட்டரியும் இல்லாததால் அது லேசாகத்தான் வந்தது. 1943இல் ஜனநாயகத்துக்கு ஆதரவான அறிக்கையில் கையெழுத்துப் போட்டதற்காக ராணுவ அரசு அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கியது. அவர் நாட்டைவிட்டுப் போகவில்லை. நன்கொடையில் தனியாக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. காலையில் 180 காட்டுகிற பல மிஷின்களில் அவர் கண்டுபிடித்ததுதான் தெரிகிறது.

உடம்பு ஏன் இப்படி ஒரு ஹார்மோனை வைத்துக்கொண்டிருக்கிறது? பசிக்காகத்தான். பட்டினி கிடக்கும்போது வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது. கொழுப்பை எரிக்கவைத்து, தசை கரையாமல் காத்து, இருக்கிற சர்க்கரையை மூளைக்கு ஒதுக்குகிறது. மழை பொய்த்துப் பொய்த்து, பசியோடு பழகிய எங்கள் கரிசல் மண்ணின் முன்னோர்களை இந்த ஏற்பாடுதான் பல கோடைகளில் காப்பாற்றியிருக்கும்.

காலைச் சர்க்கரை கூடினால் எல்லாமே டான் பினாமினன்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பத்து மணிக்குச் சால்னாவோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், எண்ணெய் வயிற்றைக் காலியாக விடாது. மைதா மெதுவாக இறங்கி நடுச்சாமம் தாண்டியும் சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கும். அது வேறு கதை. இன்சுலின் அல்லது மாத்திரை இரவில் அதிகமாகி, சர்க்கரை தாழ்ந்து, உடம்பு பதறிப்போய் மேலே ஏற்றிவிடுவதும் உண்டு. சோமோகி என்பவர் 1930களில் சொன்னது இது. ஒரு காலத்தில் இதைத்தான் பெரிதாகப் பேசினார்கள். இரவு முழுக்கச் சர்க்கரையைக் கண்காணிக்கிற கருவிகள் வந்த பிறகு, நினைத்த அளவுக்கு இது அடிக்கடி நடப்பதில்லை என்று தெரிந்தது.

மூன்றில் எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. படுக்கும்போது ஒரு தடவை, அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை, இப்படி இரண்டு மூன்று இரவுகள் பார்த்தால் போதும். மூன்று மணிக்கு நன்றாக இருந்து ஆறு மணிக்கு ஏறியிருந்தால் ஹார்மோன் வேலை. படுக்கும்போதே கூடுதலாக இருந்து அப்படியே நின்றால் இரவுச் சாப்பாட்டையோ மருந்தையோ பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு 70க்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் ஒட்டிய இனிப்போ பழச்சாறோ எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.

இதே ஹார்மோன் பிள்ளைகளை இன்னும் கடுமையாகப் படுத்துகிறது. டைப் 1 சுகர் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் ஏறக்குறைய சுரக்கவே சுரக்காது, ஊசிதான் உயிர். பதினொன்று, பன்னிரண்டு வயதுவரை ஒழுங்காக இருந்த கணக்கு, பருவம் வந்ததும் தலைகீழாகிவிடும். உயரம் ஏறுகிற அந்த வருஷங்களில் வளர்ச்சி ஹார்மோன் பெருகுகிறது, அதனால் இன்சுலின் எடுபடுவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. பருவத்துக்கு முன்பு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் வரை போதுமாக இருந்த பிள்ளைக்கு இப்போது 1.2க்கு மேல் தேவைப்படும், சிலருக்கு 2 வரை. இதைச் சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் பிள்ளைமேல் பழி விழுகிறது. "ஸ்கூல்ல என்னத்தையோ வாங்கித் தின்னுட்டு வருது." அந்தப் பிள்ளையும் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றி எழுத ஆரம்பித்துவிடும். பெண் பிள்ளையென்றால் நாளைக்குக் கல்யாணம் நிற்குமே என்று ஊசியையே மறைக்கச் சொல்கிற வீடுகளும் இருக்கின்றன. வளர்கிற பிள்ளைக்கு இன்சுலின் கூடத்தான் செய்யும். அது நோய் முற்றியதன் அடையாளமும் இல்லை, பிள்ளை திருட்டுத்தனம் செய்ததன் அடையாளமும் இல்லை.

பயந்துபோய் ஊசியைக் குறைத்தால் இன்னொரு பக்கம் அடிவிழும். சர்க்கரை விஷயத்தில் எதிரும் புதிருமாக இருக்கிற இந்த இரண்டு ஹார்மோன்களும் பிள்ளையை வளர்க்கிற விஷயத்தில் கூட்டாளிகள். வளர்ச்சி ஹார்மோன் சொன்னதும் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் செய்துதர வேண்டும், எலும்பை நீளமாக்குவதில் பெரும்பங்கு அதற்குத்தான். அதைச் செய்யக் கல்லீரலுக்குப் போதிய இன்சுலின் வேண்டும், போதிய சாப்பாடும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் எக்கச்சக்கமாக இருக்கும், பிள்ளை மட்டும் வளராது. அலட்சியமாக விடப்பட்ட டைப் 1 பிள்ளை குள்ளமாக நின்றுவிடுவதும், சத்தில்லாத பிள்ளை குள்ளமாக நின்றுவிடுவதும் இதனால்தான்.

சத்தில்லாத பிள்ளைகள் என்று எழுதும்போது எங்கள் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எண்பதுகளில் விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தொடுகிறார்கள், தாண்டுகிறார்கள். அவர்களில் பலர் இன்றும் ஒல்லியாக, வத்தலாகத்தான் இருக்கிறார்கள். "இந்த உடம்புக்கு எப்படிச் சுகர் வரும்?" என்று ஊரே வியக்கிறது. வரும். கருவிலும் கைக்குழந்தையாகவும் பட்ட பசி கணையத்தில் தழும்பை விட்டுப் போகிறது என்று ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் 1992லேயே எழுதினார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனை டாக்டர்கள் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியோடு சேர்ந்து இப்படிப்பட்ட ஒல்லியான நோயாளிகளை ஆராய்ந்து 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இவர்களுக்கு இன்சுலின் எடுபடாமல் போவது முக்கியப் பிரச்சினை இல்லை, இன்சுலின் சுரப்பதே குறைவு என்று அது காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை டைப் 5 என்று தனி வகையாக ஏற்றுக்கொண்டது. ஒல்லியாக இருப்பவரின் உடம்பு கொடுத்த இன்சுலினுக்குச் சட்டென்று பணிந்துவிடும். குண்டான ஆளுக்குக் கொடுக்கிற அளவை அவருக்குக் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்தாகும்.

எனக்கு நிஜமாகவே பயம் வருவது இந்தத் தாழ்வை நினைத்துத்தான்.

எங்கள் பக்கத்துக் காலையைச் சொல்கிறேன். வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, திருத்தங்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் விடிந்ததும் வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அதற்குள் பெண்கள் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, தூக்குச்சட்டியில் மதியச் சோற்றைக் கட்டியாக வேண்டும். இந்த அவசரத்தில் மிஷின் 190 காட்டுகிறது. மதினி என்ன செய்வார் தெரியுமா? மாத்திரையை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வேனேறிவிடுவார்.

"மதினி, மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட போகாதீங்க."

"ஏற்கெனவே நூத்தித் தொண்ணூறு தம்பி. சாப்பிட்டா இன்னும் ஏறாதா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியற்கால ஹார்மோன் அலை எப்போதும் அங்கேயே நிற்காது. முற்பகலில் வடிய ஆரம்பிக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். உடம்பு வேலையும் சேர்ந்துகொண்டால் பத்து, பதினொரு மணிவாக்கில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் அநேகமாக இல்லை. இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரைகளோ எடுப்பவருக்கு உண்டு.

தாழும்போது உடம்பு அட்ரினலினைப் பாய்ச்சும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் இறங்கினால் மூளைக்குச் சர்க்கரை போதாமல் புத்தி தடுமாறும். சொன்னது விளங்காது, காரணமில்லாமல் கோபம் வரும், செய்கிற வேலையின் வரிசை மறந்துபோகும். ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இது வந்தால் பக்கத்தில் இருப்பவர் சீனித்தண்ணி கொடுத்துச் சரிசெய்துவிடலாம். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலக்கிற கைக்கு வந்தால்? வெடிமருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும் என்பதால், வெறும் வயிற்றோடு வந்தவர் முதலில் தொடுவதே அதைத்தான். ஓர் உரசல் போதும் என்று அந்த அறையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தன் கை ஏன் நடுங்குகிறது என்பது மட்டும் தெரிவதில்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வெக்கை, என்று எதையாவது நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். செய்கிற வேலைக்குத்தான் கூலி என்கிறபோது எழுந்து வெளியே போக யாருக்கும் மனசு வராது.

அதனால் மதினியிடம் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். காலையில் எண் கூடுதலாக இருந்தாலும் மாத்திரை போட்டால் சாப்பிட்டாக வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் வேன். இட்லியைக் குறைத்துக்கொண்டு ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டுத் தெருவில் கால் மணி நேரம் நடந்தால் காலை எண் ஓரளவு இறங்கும். மெட்பார்மினை இரவுக்கு மாற்றலாமா, படுக்கும்போது போடுகிற நீண்ட நேர இன்சுலின் வேண்டுமா என்பதை மூன்று மணி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள், நீங்களே மாற்றாதீர்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற அந்த அம்மாவிடம் காலைச் சாப்பாட்டை விடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது, முன்போல எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை.

தாழ்வு வந்தால் கைவசம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பலர் கோவில்பட்டி கடலைமிட்டாய் என்கிறார்கள். எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கடலையின் எண்ணெய் சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும். அந்த நேரத்துக்கு வேண்டியது மூன்று டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீர், இல்லையென்றால் குளுக்கோஸ் பவுடர். கால் மணி நேரம் பொறுத்தும் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு கடலைமிட்டாய் சாப்பிடுங்கள், அப்போது அது நல்லது. வெடிமருந்து ஒட்டிய கையோடு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதால், சீனிப் பொட்டலத்தை அறைக்கு வெளியே, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதே சரி.

பயர் ஆபீஸ்களில் போர்மேன் ஒருவர் இருப்பார். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பது அவர் பொறுப்பு. யார் இன்சுலின் போடுகிறார், யார் தாழ்த்துகிற மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்களோ என்று ஆட்கள் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது ஆலை நடத்துகிறவர்கள். சுகர் உள்ளவரை மருந்து அறையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றினால் கூலி குறையாது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சிவகாசியில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. உராய்வையும் வெப்பத்தையும் பற்றிப் பேசுகிற அந்த வகுப்பில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம்: கை நடுங்கி வேர்க்கிற ஆளை முதலில் அறையைவிட்டு வெளியே அழைத்து வாருங்கள், கையைக் கழுவிவிட்டுச் சீனித்தண்ணி கொடுங்கள், மறுபடி உள்ளே அனுப்புமுன் காலையில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.